ஓட்டலில் குத்திய முத்திரை

டோருன்,
1925 மே 14

அன்புள்ள லுட்விக்,

நானும் ஹாலினாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கத் தேவையில்லை. உன் கடிதத்தைப் பிரித்ததுமே சாப்பாட்டு வாசனை அடிக்கிறது. ஹாலினாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பா இருக்கிற ஊர் பாரீஸ் என்று சொன்னால் கடைசி எழுத்தில் விசில் வருகிறது. அதற்காகவே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பட்டுக் காலுறைகள் வந்தன. அளவு சரியாக இருக்கிறது. அங்கே விமானம் விற்கும் கம்பெனியின் பிரதிநிதி துலார்ப் என்பவர்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். என் கால் அளவு அந்த மனிதருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். யோசித்த பிறகு போட்டுக்கொள்ளப் பிடிக்கவில்லை. பெட்டியில் வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு விமானங்களும் போன வாரம் வந்து சேர்ந்தன. டான்சிக் துறைமுகத்திலிருந்து ரயிலில், ஒவ்வொன்றும் மாட்டுக்கொட்டகை அளவு மரப்பெட்டியில். ஊரே திரண்டுவிட்டது. பாண்டு வாத்தியம், பாதிரியார், புனித நீர், எல்லாம் உண்டு. பிரான்ஸ் போலிஷ்காரர்களான நமக்கு மூத்த அக்கா, ராணுவத்துக்கு அவள் கொடுத்த கடன் நம் பிள்ளைகளுக்கு இறக்கை கட்டிவிட்டது என்று கர்னல் பேசினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு தொங்கியது. அதில் உன் கையெழுத்து, உன் முத்திரை. 'தொழிற்சாலையில் பரிசோதித்து ஏற்றுக்கொள்ளப்பட்டது, கேப்டன் லுட்விக் ஸரெம்பா.' பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை.

பக்கத்து வீட்டு லெப்டினன்ட் ஜெனோன்தான் முதலில் ஓட்டப்போகிறான். உனக்கு அவனைத் தெரியுமே, சும்மா இருக்க மாட்டான். "சபினா, உங்க வீட்டுக்காரர் சீல் குத்தின பறவையில ஏறப்போறேன். கீழ விழுந்தா நேரா உங்க சமையலறையிலதான் விழுவேன், சூப் ரெடியா வச்சிருங்க" என்றான். அவன் மனைவி யாட்விகா அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். புளிப்பு ஹெர்ரிங் மீனைத் தவிர வேறு எதுவும் அவள் வாய்க்குப் பிடிக்கவில்லை. தினமும் என் ஜாடிதான் காலியாகிறது.

இனி ஒரு விஷயம். தொழிற்சாலைக்குப் போகும் பாதை சேறும் சகதியுமாக இருப்பதால் துலார்ப் பத்திரங்களை ஓட்டலுக்கே கொண்டுவந்துவிடுகிறார் என்றும், சிப்பிக்கும் காப்பிக்கும் நடுவில் பன்னிரண்டு விமானங்களுக்கும் முத்திரை குத்தி முடித்ததாகவும் எழுதியிருக்கிறாய். படித்தபோது சிரித்தேன். மறுநாள் பாத்திரம் துலக்கும்போது மறுபடி நினைவு வந்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை. நீ வேடிக்கையாகத்தான் எழுதினாய், இல்லையா? ஒரு வரி எழுதிப் போடு, போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். சிப்பி சூடு.

உன்
சபினா


டோருன்,
1925 ஜூன் 29

அன்புள்ள லுட்விக்,

ஹாலினாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். இன்றுதான் இறங்கியது, எழுந்து உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கு கேட்டாள். அதனால்தான் பதில் எழுதத் தாமதம். கோபத்தாலும்தான் என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை.

ஒரு வரி கேட்டேன். நீ மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கொள்முதலுக்கு வந்த எல்லா அதிகாரிகளும் இப்படித்தான் செய்கிறார்களாம். இறக்கைத் துணியைப் பிரித்து உள்ளே பார்க்கிற பழக்கமே அங்கே கிடையாதாம். கடனும் அவர்களுடையது, கடையும் அவர்களுடையது, நாம் மூக்கைச் சுளித்தால் அடுத்த கடன் நின்றுபோகுமாம். வார்சாவில் மேலிடமே சீக்கிரம் அனுப்பு என்று அவசரப்படுத்துகிறதாம். கடைசியில், பெண்களுக்கு இதெல்லாம் புரியாது என்று ஒரு முத்தம்.

எனக்குப் புரிந்தது இதுதான். நீ அந்தத் தொழிற்சாலை வாசலை மிதிக்கவே இல்லை.

இங்கே நடந்ததைக் கேள். போன செவ்வாய்க்கிழமை புது விமானம் ஒன்று தரையிறங்கும்போது மேல் இறக்கையின் துணி அரை கஜத்துக்குக் கிழிந்து தொங்கியது. நல்லவேளை, தரைக்கு வந்த பிறகு கிழிந்தது. விமானக் கொட்டகையில் வேலை பார்க்கும் சார்ஜென்ட் வாலென்ட்டி, அதுதான் அந்தப் பெரிய மீசைக்காரர், கிழிசல் வழியாகக் கையை விட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே கட்டைகளை ஒட்டியிருந்த பசை விரலோடு உதிர்ந்து வந்ததாம். கர்னலிடம் போய், எல்லா இறக்கைகளையும் பிரித்துப் பார்க்க அனுமதி கேட்டார். கர்னல் சொன்ன பதிலைக் கொட்டகை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கறதாய்யா?" அதற்கு வாலென்ட்டி, "ஐயா, தானம்னா பாக்கக்கூடாது. இது கடன் வாங்கின மாடு. வட்டி கட்டறோம், பல்லை எண்ணலாம்" என்றாராம். மூன்று நாள் காவலறையில் போட்டார்கள். வெளியே வந்தும் மீசையை முறுக்கிக்கொண்டுதான் நடக்கிறார்.

பிரெஞ்சு ராணுவக் குழுவிலிருந்து இங்கே பயிற்சி கொடுக்க வந்திருக்கும் கேப்டன் மோர்வான் நல்ல மனிதர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். பெரும்போரில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவர், ஒரு கையால் சிகரெட் சுற்றுவார், ஹாலினாவுக்கு அதுதான் சர்க்கஸ். அவர் புது விமானங்களில் ஏறுவதே இல்லை. பழைய விமானத்தில்தான் பறக்கிறார். ஜெனோன் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டான். "எனக்கு வயசாயிடுச்சு தம்பி, புதுசு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவருக்கு முப்பத்தெட்டு வயது.

ஜெனோனிடம் நான் சொல்லிப் பார்த்தேன். நீ எழுதியதைச் சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. கொஞ்ச நாள் பறக்காமல் இரேன் என்று மட்டும் சொன்னேன். "உத்தரவு போட்டா ஏறணும் சபினா. ஏறமாட்டேன்னு சொன்னா பயந்தாங்கொள்ளின்னு எழுதுவாங்க. அதுவுமில்லாம லுட்விக் அண்ணன் கையெழுத்து இருக்கே, அப்புறம் என்ன?" என்றான். அவன் உன்னை நம்புகிறான். எனக்குக் கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வாசனைத் தைலம் வந்தது. மூடியைத் திறந்தேன், உடனே மூடிவிட்டேன். இனிமேல் அந்த ஆள் கொடுப்பது எதையும் அனுப்பாதே.

இது என் வேண்டுகோள். நாளைக்கே தொழிற்சாலைக்குப் போ. ஒரே ஒரு இறக்கையைப் பிரிக்கச் சொல். உள்ளே பார்த்ததை வார்சாவுக்கு எழுது. பாதை சேறாக இருந்தால் பூட்ஸ் போட்டுக்கொள்.

சபினா


டோருன்,
1925 ஆகஸ்ட் 9

லுட்விக்,

ஜெனோன் போய்விட்டான்.

ஜூலை இருபத்தொன்பது, காலை ஒன்பது மணி. நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே வழக்கமான சத்தம் கேட்டது. ஒரு திருப்பம் திரும்பினான். வித்தை ஒன்றுமில்லை, நாமிருவரும் நூறு தடவை பார்த்த சாதாரணத் திருப்பம். மேல் இறக்கை கிழிந்த சட்டைக் கை போலப் பின்னால் மடிந்தது. அதற்குப் பிறகு சத்தம் வேறு மாதிரி ஆகிவிட்டது. விஸ்துலா ஆற்றுக்கு இந்தப் பக்கம், பீட்ரூட் வயலில் விழுந்தான். யாட்விகா ஏழு மாத வயிற்றோடு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். வாலென்ட்டி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார். இரண்டு கையையும் விரித்து அவளை மறித்து, "வேணாம் தாயி, பாக்க வேணாம்" என்று கெஞ்சினார். அவள் அவரை நெட்டித் தள்ளிவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

அடக்கம் முழு மரியாதையோடு நடந்தது. உன் கம்பெனி ஒரு மலர் வளையம் அனுப்பியிருந்தது, பிரெஞ்சு மொழியில் தங்க எழுத்து போட்டு. கோயில் முற்றத்திலேயே பெரியது அதுதான். அதற்கு முதுகைக் காட்டி நின்றேன். அதிகாரிகளின் மனைவிகள் யாரும் என்னருகில் நிற்கவில்லை. பெட்டிகளில் தொங்கிய பெயரை எல்லாருமே படித்திருக்கிறார்களே.

கேப்டன் மோர்வான் சுவர் ஓரமாக என்னைக் கூப்பிட்டார். தனக்குத் தெரிந்த போலிஷ் மொழியில் மெதுவாகச் சொன்னார். "மேடம், அந்த வரிசை எண்கள் எனக்குத் தெரியும். எங்க படை போன வருஷமே அதையெல்லாம் வேணாம்னு திருப்பி அனுப்பிச்சது. பெயின்ட் அடிச்சு உங்களுக்கு வித்துட்டாங்க." இதை விசாரணையில் சொல்வீர்களா என்று கேட்டேன். "முடியாது. நான் சொன்னதா நீங்க சொன்னீங்கன்னா, இல்லைன்னுடுவேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். ஒரு கைக்குட்டை முழுக்க நனைய அழுதார். அந்த அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை, லுட்விக். தெரிந்தே பையன்களை ஏற்றி அனுப்பிவிட்டுத் தன் பழைய விமானத்தில் பத்திரமாகப் பறந்த மனிதர். நான் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

விசாரணைக் குழு நான்கே நாளில் வேலையை முடித்தது. ஜெனோன் குடித்திருந்தானாம், அனுமதியில்லாமல் வித்தை காட்டினானாம். முந்தின நாள் அவன் பிறந்தநாள், ஒரு கிளாஸ் செர்ரி மது குடித்தான். ஊற்றிக் கொடுத்தது நான். தப்பு அவனுடையது என்று எழுதிவிட்டதால் யாட்விகாவுக்கு ஓய்வூதியம் இல்லை. செப்டம்பர் கடைசிக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். பிறகு, பராமரிப்பில் கவனக்குறைவு என்று வாலென்ட்டி மேல் ராணுவ நீதிமன்றத்தில் வழக்கு. செத்தவன் குடிகாரன், உயிரோடு இருப்பவன் சோம்பேறி. விமானம் மட்டும் உத்தமம். ஏனென்றால் உன் சான்றிதழ் இருக்கிறது: 'துணி நீக்கி, ஒவ்வொரு இறக்கையும் தொழிற்சாலையில் நேரில் பரிசோதிக்கப்பட்டது.'

நேற்று வாலென்ட்டி சமையலறை வாசல் வழியாக வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவுமில்லை. செய்தித்தாளில் சுற்றிய ஒரு மரத்துண்டை மேஜையில் வைத்தார். "கேப்டனம்மா, இது ஜெனோன் ஐயாவோட எறக்கை. உள்ள இருக்கற விலாக்கட்டை. குழு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். மோந்து பாருங்க" என்றார். கட்டைகளை ஒட்டுவது பாலைத் திரித்துக் காய்ச்சுகிற பசையாம். ஈரத்தில் கிடந்து பூசணம் பூத்துப் போயிருக்கிறது. மாதக்கணக்கில் அலமாரிக்குப் பின்னால் கிடந்த பாலாடைக்கட்டி மாதிரி நாற்றம். விரலால் தேய்த்தேன், காய்ந்த சளி போல உதிர்ந்தது. ஒடிந்த கட்டையைப் பசை பிடிக்காததால் தகரத்தை வைத்து ஆணி அடித்து மேலே பச்சை வர்ணம் பூசியிருக்கிறார்கள். வர்ணத்தைச் சுரண்டினால் கீழே சிவப்பில் பிரெஞ்சு எழுத்து. 'நிராகரிக்கப்பட்டது' என்று அர்த்தமாம்.

குழுவிடம் காட்டவில்லையா என்று கேட்டேன். "காட்டினேன்மா. நானே எங்கயோ பொறுக்கிட்டு வந்து கதை கட்டறேன்னுட்டாங்க. கேப்டன் நேர்ல பாத்துச் சான்று குடுத்திருக்கார், நீ யாருடான்னு கேட்டாங்க. அவர் பாத்தாரான்னு உங்களுக்காவது தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியும் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ. தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

உன் இரண்டு கடிதங்களும் அலமாரியில் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் இருக்கின்றன. ஓட்டல், சிப்பி, காப்பி, துணியைப் பிரிக்கும் பழக்கமே இல்லை என்றது, எல்லாம் உன் கையெழுத்தில். அந்த அலமாரியைத் திறக்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. உன்னை நினைத்து மட்டுமில்லை, வாலென்ட்டி முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன வாயை நினைத்தும்தான்.

உடனே தந்தி கொடு. நான் இறக்கைகளைப் பிரித்துப் பரிசோதிக்கவில்லை என்று நான்கு சொல். மீதி பதினொன்றையும் தரையில் நிறுத்த அது போதும். நீயே சொல்லிவிடு, லுட்விக். நான் சொல்லும்படி வைத்துவிடாதே.

சபினா


டோருன்,
1925 செப்டம்பர் 20

லுட்விக்,

தந்தி வரவில்லை. கடிதம்தான் வந்தது.

அதை முதலில் நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். என் பழைய கடிதங்களை எரித்துவிடு என்று நான்கு சொல் எழுதியிருக்கிறாய். உனக்கு நான்கு சொல் எழுத வருகிறது என்று தெரிந்தது. ஜெனோனுக்காக ஒரு வரி வருத்தம். அதற்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் வேறு சங்கதி. துலார்ப் தன் கம்பெனியிலேயே உனக்கு வேலை தருகிறார். ராணுவத்திலிருந்து விலகிவிட்டால் யாரும் தொட முடியாது. நானும் ஹாலினாவும் புறப்பட்டு வர வேண்டும், பூங்காவைப் பார்த்த மூன்று ஜன்னல் வைத்த வீடு தயாராக இருக்கிறது. குழந்தை பிரெஞ்சு பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்.

அந்த மூன்று ஜன்னல்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறாயே. இறக்கைகளை எண்ணிப் பார்க்காத மனிதன்.

நான் கடிதங்களை எரிக்கவில்லை. குழுவிடம் கொடுத்துவிட்டேன். மூன்றையும்.

இதை நீ வேறு யாரிடமிருந்தும் கேட்கக்கூடாது என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னை வீராங்கனை என்று நினைத்துவிடாதே. போன கடிதத்தை எழுதிய பிறகு நான் மூன்று வாரம் சும்மா இருந்தேன். தந்தி வரும், தந்தி வரும் என்று தினமும் வாசலைப் பார்த்தேன். அந்த மூன்று வாரத்தில் வில்னாவிலிருந்து வந்த செவெரின் என்ற விமானி அதே வரிசை விமானம் ஒன்றில் மரங்களுக்குள் விழுந்தான். இருபத்திரண்டு வயது. உயிர் தப்பியது, இடது கால் போய்விட்டது. உன் பதிலும் அதே நாள்தான் வந்தது. முதலில் கையெழுத்துப் போட்டவன் நீ, பிறகு மூடி வைத்தவள் நான். அந்தக் காலில் எனக்கும் பங்கு உண்டு. அதைக் கழுவ எந்தச் சோப்பும் இல்லை.

மறுநாள் கோயிலுக்குப் போகிற கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு விசாரணை நடந்த கட்டிடத்துக்குப் போனேன். செவெரின் விழுந்ததால் குழு மறுபடி கூடியிருந்தது, மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். தலைமை வகித்தவர் வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். "புருஷன் எழுதின கடுதாசியைப் பொண்டாட்டியே கொண்டாந்து குடுக்கறதா? நல்லா யோசிச்சீங்களா அம்மணி?"

"யோசிச்சேன். யோசிச்சதாலதான் மூணு வாரம் லேட்டாயிடுச்சு. அதுக்குள்ள ஒரு பையன் கால் போயிடுச்சு" என்றேன்.

அவர் வாய்விட்டுப் படித்தார். சிப்பி என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். கடைசியில் இருந்த இளம் அதிகாரி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு எல்லாரும் விமானக் கொட்டகைக்குப் போனோம். வாலென்ட்டியை வரவழைத்து, அங்கே நின்ற ஒரு விமானத்தின் இறக்கையை என் கண்முன்னாலேயே அறுக்கச் சொன்னார்கள். துணி கிழிந்ததும் அந்த நாற்றம் கொட்டகை முழுக்கப் பரவியது. அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வாலென்ட்டி மட்டும், "மோந்துக்குங்கய்யா, நல்லா மோந்துக்குங்க. இதைத்தான் எங்க தலைக்கு மேல கட்டி அனுப்பினீங்க" என்றார். இந்த முறை அவரைக் காவலறையில் போடவில்லை.

மிச்சம் இருந்த விமானங்கள் அதற்குப் பிறகு பறக்கவில்லை. வாலென்ட்டி மேல் போட்ட வழக்கை எடுத்துவிட்டார்கள். ஜெனோன் பற்றிய அறிக்கையில் 'குடித்திருந்தார்' என்பதை அடித்துவிட்டு, 'இறக்கை உடைந்ததால்' என்று எழுதினார்கள். யாட்விகா அதே வீட்டில் இருக்கலாம், ஓய்வூதியமும் வரும். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, சற்று முன்கூட்டியே. ஆனாலும் நல்ல குரல். பார்க்கப் போனேன். கதவைத் திறந்து உள்ளே விட்டாள், நாற்காலியும் போட்டாள். "நீங்க செஞ்சதை எல்லாரும் சொன்னாங்க, சபினா. நன்றின்னு சொல்லணும். வாய் வரமாட்டேங்குது" என்றாள். சொல்ல வேண்டாம் என்றேன். குழந்தையை என் கையில் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது உனக்கு முக்கியமானதைச் சொல்கிறேன், கவனமாகப் படி.

வார்சாவிலிருந்து சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். நன்றாகப் பேசினார்கள், என் கையில் முத்தம் கொடுத்தார்கள். அந்த உதட்டு ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். புதுக் கடனுக்குப் பேச்சு நடக்கிறதாம். இந்த நேரத்தில் பிரான்சைச் சங்கடப்படுத்தக்கூடாதாம். நிராகரித்த விமானங்களுக்கு வர்ணம் பூசி விற்றதைப் பற்றி ஒரு வார்த்தையும் வெளியே போகாது. கம்பெனி பன்னிரண்டு புது விமானம் அனுப்பி ஈடுகட்டுமாம். அதே கம்பெனி! சீக்கிரம் அனுப்பு, சீக்கிரம் அனுப்பு என்று உனக்கு உத்தரவு போட்டவர்களின் பெயரும் வராது. "எல்லாத்துக்கும் காரணம் ஒரே ஒரு பேராசைக்கார கேப்டன்னு முடிச்சுட்டா நாட்டுக்கு நல்லதும்மா" என்று என்னிடமே சொன்னார்கள். அந்தக் கேப்டனின் மனைவியிடம், அவள் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டே.

அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கொதிநீரில் போட்டேன்.

உனக்கு நோட்டீஸ் பத்து நாளில் வரும். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன். நீ அங்கேயே தங்கிவிட்டால் எல்லாருக்கும் வசதி. துலார்புக்கு வசதி, வார்சாவுக்கு வசதி. வேலை கொடுத்து உன் வாயை அடைக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஓட்டல் மேஜையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்தார்கள், யார் எதை வாங்கினார்கள், யார் அந்தச் சிவப்பு எழுத்தை மறைத்தார்கள் என்பது தெரிந்த ஒரே போலிஷ்காரன் நீதான். நீ வாயைத் திறக்காவிட்டால் அடுத்த பன்னிரண்டும் அதே பசையோடுதான் வரும். ஏறப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நேற்றுகூட ஆறு பேர் புதிதாக வந்து இறங்கினார்கள். தாய்மார் கட்டிக்கொடுத்த ரொட்டியை ஸ்டேஷனில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

அதனால் வா. பிடித்து இழுத்து வருவதற்கு முன்னால் நீயாக வா. வந்து எல்லாப் பெயரையும் சொல், உன் பெயரை முதலில் சொல். சிறைதான் கிடைக்கும், பொய் சொல்லி உன்னை வரவழைக்க மாட்டேன். எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியாது. பாரீசுக்கு நான் வரமாட்டேன், ஹாலினாவையும் அனுப்பமாட்டேன். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஜெயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஹாலினாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா என்ன தப்புச் செய்தார் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். என்னிடம் வந்து கேட்டாள். அப்பாவே வந்து சொல்வார் என்றேன். அதை மட்டும் பொய்யாக்கிவிடாதே.

உன்னை மணந்துகொண்டபோது உன் பல்வரிசைக்கோ சீருடைக்கோ நான் மயங்கவில்லை. படைமுகாமில் காணாமல் போன ஒரு குதிரைக்காக, தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்றாயே, அந்த ஆளைத்தான் கட்டிக்கொண்டேன். அவன் எங்கேயாவது இருக்கிறானா என்று நீயே தேடிப் பார். எனக்கு இங்கிருந்து தெரியவில்லை.

பெர்லின் வழியாக வரும் ரயில் மாலை ஐந்தேகாலுக்கு வருகிறது. தினமும் நான் நடைமேடையில் நிற்பேன். உன்னைக் கட்டிக்கொள்வேனா என்று தெரியாது, அதைக் கேட்காதே. உன் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியை நான் பிடித்துக்கொள்கிறேன். ராணுவ அலுவலகம் வரை சேர்ந்தே நடப்போம்.

கடவுள் உன்னை அந்த ரயிலில் ஏற்றிவிடட்டும்.

சபினா